குதிகால் ஏன் தரையைத் தொடவில்லை? மூளை முடக்குவாதக் குழந்தைகளின் கால் தசைகளைச் சோதிப்பதும் சரிசெய்வதும்

மூளை முடக்குவாதம் என்று கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இனி அதிகமாகாது. அது உண்மைதான். கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டு வயதில் கையால் அழுத்தினால் தரையில் பதிந்த குதிகால், எட்டு வயதில் எவ்வளவு அழுத்தினாலும் பதிவதில்லை. மூன்று வயதில் எளிதாக விரிந்த தொடைகள் பத்து வயதில் உடை மாற்றக்கூட விரிய மறுக்கின்றன. பெற்றோர் குழம்புகிறார்கள். தாங்கள்தான் ஏதோ செய்யத் தவறிவிட்டோம் என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

மூளைச் சேதம் மாறாமல் இருக்க, அதன் கீழ் வளரும் தசையும் எலும்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதுதான் இதற்கு விளக்கம். நுனிக்காலில் நடக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தால் "கெண்டைக்கால் இறுகிவிட்டது" என்று சொல்லிவிடலாம். அந்த நுனிக்கால் நடைக்குப் பின்னால் அடங்காத அனிச்சைச் செயல் இருக்கலாம், தசை நிஜமாகவே நீளம் போதாமல் இருக்கலாம், வேறொரு தசையின் பலவீனம் இருக்கலாம், எலும்பின் முறுக்கம் இருக்கலாம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. சில நேரம் கெடுதலும் செய்யும். ஆகவே சிகிச்சையைப் பற்றிய பேச்சு எல்லாம் பரிசோதனையில் தொடங்க வேண்டும். பல இடங்களில் அது அப்படித் தொடங்குவதில்லை என்பதுதான் என் குறை.

தசைக்குள் நடப்பது

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ இருவருக்கு இந்தப் பாதிப்பு இருக்கிறது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு விறைப்பு வகை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் கட்டளைப் பாதை சேதமடைவதால் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்களை அடக்கிவைக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. தசையை வேகமாக இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்குகிறது. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் விறைப்புக்குக் கொடுத்த வரையறையின் மையமே இந்த வேகம்தான். இன்னொரு பக்கம், தசைக்கு வந்துசேர வேண்டிய கட்டளையே குறைந்துவிடுகிறது. அதனால் தசை பலவீனமாகிறது. ஒரு மூட்டை மட்டும் தனியாக அசைக்க முடியாமல் போகிறது. விறைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தட்டுப்படுகிறது. பலவீனம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பல ஆண்டுகள் மருத்துவ உலகம் முதலாவதை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தது.

அடுத்தது வளர்ச்சி. குழந்தை ஓடியாடும்போதும், குதிக்கும்போதும், தூங்கும்போது தளர்வாக நீளும்போதும் தசைக்குக் கிடைக்கும் இழுப்புதான் அதை வளரச் செய்கிறது. அந்த இழுப்பு குறைந்தால் எலும்பு தன் போக்கில் நீள, தசை பின்தங்குகிறது. ஆள் வளர்ந்தும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் நிலை அது. பிறவியிலேயே விறைப்புள்ள எலிகளை வைத்துச் செய்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது: எலும்பின் வளர்ச்சிக்கு ஈடாகத் தசை வளரவில்லை. குழந்தைகளின் கால்களை அல்ட்ராசவுண்ட் மூலம் அளந்தவர்களும் கெண்டைக்கால் தசையின் பருமன் மிகச் சிறு வயதிலேயே, ஒன்றரை வயதுக்குள்ளேயே, மற்ற குழந்தைகளைவிடக் குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

இங்கே எல்லோரையும் திகைக்கவைத்த ஒரு தகவல் உண்டு. குறுகிய தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் அடிப்படை அலகான சார்கோமியரும் குறுகியிருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ரிச்சர்ட் லீபரின் ஆய்வுக் குழு, அறுவை சிகிச்சையின்போது குழந்தைகளின் பின்தொடைத் தசையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது. சார்கோமியர்கள் இயல்பைவிட நீண்டு, இழுபட்டுக் கிடந்தன. வரிசையில் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் சார்கோமியர்கள் இல்லை. இருப்பவை ஒவ்வொன்றும் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றி கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மிகுந்து தசை கட்டிப்போயிருந்தது. தசை வளரவும் பழுதுபார்த்துக்கொள்ளவும் தேவையான சாட்டிலைட் செல்கள் இப்படிப்பட்ட தசைகளில் பாதிக்கும் கீழே குறைந்திருப்பதாக அதே வரிசையில் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது.

இதன் பொருள் லேசானதல்ல. ஏற்கெனவே இழுபட்ட அலகுகளைக் கையால் இன்னும் இழுப்பதால் புதிய தசை உண்டாகிவிடாது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை வெட்டி நீட்டினால் மூட்டின் கோணம் சரியாகும், தசை கூடாது. தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் போட்டுலினம் ஊசி, ஏற்கெனவே சிறுத்திருக்கும் தசையை மேலும் சிறுக்கவைக்கலாம். பின்னால் சொல்லப்போகும் சிகிச்சைகள் ஒவ்வொன்றின் எல்லையும் இங்கேதான் வரையப்பட்டிருக்கிறது.

பரிசோதனை மேசையில்

காலைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் குழந்தை அன்றாடம் எப்படி நகர்கிறது என்பது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து ராபர்ட் பாலிசானோ, பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை வகைப்பாடு இன்று உலகெங்கும் பொது மொழியாகிவிட்டது. முதல் நிலைக் குழந்தை ஓடும், படியேறும், கொஞ்சம் தடுமாறும். இரண்டாம் நிலையில் கைப்பிடி பிடித்துப் படியேறும். மூன்றாம் நிலையில் வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். நான்காம் நிலையில் பெரும்பாலும் சக்கர நாற்காலி. ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைக்கவே துணை வேண்டும். ஒரு குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதே நிலையில்தான் தொடரும். இதே குழுவினர் 2002-இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகளின்படி, முதல் நிலைக் குழந்தை தன் இயக்கத் திறனின் 90 சதவீதத்தை ஐந்து வயது வாக்கில் எட்டிவிடுகிறது; ஐந்தாம் நிலைக் குழந்தை மூன்று வயதுக்கு முன்பே. "இந்தச் சிகிச்சை எடுத்தால் தானாக நடந்துவிடுவான்" என்று நான்காம் நிலைக் குழந்தையின் பெற்றோரிடம் யாராவது உறுதி சொன்னால், அவர் இந்தக் கோடுகளைப் பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் சொல்கிறார்.

இனி கணுக்காலுக்கு வருவோம். குழந்தை மல்லாந்து படுத்திருக்க வேண்டும், பயம் தெளிந்திருக்க வேண்டும். அழும் குழந்தையின் காலில் எடுத்த அளவைக் குப்பையில் போடலாம். அழுகையே விறைப்பைக் கூட்டிவிடும். பரிசோதிப்பவர் ஒரு கையால் குதிகாலைப் பற்றி, பாதத்தைச் சற்றே உட்பக்கம் திருப்பிக்கொள்கிறார். இந்தச் சிறு திருப்பலைச் செய்யாவிட்டால், பாதத்தின் நடுப்பகுதி வளைந்து கொடுத்து, கணுக்காலே மேலே வந்துவிட்டதுபோல ஏமாற்றும். பிறகு முழங்காலை நீட்டிவைத்தபடி பாதத்தை மிக மெதுவாக மேல்நோக்கி அழுத்துகிறார், தசை விழித்துக்கொள்ளாத அளவுக்கு மெதுவாக. எங்கே நிற்கிறதோ அந்தக் கோணத்தைக் கோணமானியால் அளந்து எழுதுகிறார். அது ஆர்2. மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, இப்போது வேகமாக ஒரே தள்ளு. பாதி வழியில் சட்டென்று ஏதோ பிடித்துக்கொள்வது கைக்குத் தெரியும். அந்தக் கோணம் ஆர்1. பிரான்சில் கி தார்தியூ 1950-களில் தொடங்கிவைத்த முறை இது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் விஷயமே இருக்கிறது. விளக்கத்துக்காக இரண்டு குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். இருவருமே நுனிக்காலில் நடப்பவர்கள். முதல் குழந்தைக்கு மெதுவாக அழுத்தினால் பாதம் செங்கோணத்தைத் தாண்டி 15 டிகிரி மேலே வருகிறது. வேகமாகத் தள்ளினால் செங்கோணத்துக்கு 20 டிகிரி கீழேயே பிடித்துக்கொள்கிறது. வித்தியாசம் 35 டிகிரி. தசை போதுமான நீளத்தில்தான் இருக்கிறது, அனிச்சைதான் அதை நீள விடவில்லை. இரண்டாவது குழந்தைக்கு மெதுவாக அழுத்தினாலும் செங்கோணத்துக்கு 10 டிகிரி கீழேயே நின்றுவிடுகிறது; வேகமாகத் தள்ளினால் 15. வித்தியாசம் வெறும் 5. இங்கே அனிச்சைக்குப் பங்கு குறைவு, தசை நிஜமாகவே குறுகிவிட்டது. போட்டுலினம் ஊசி முதல் குழந்தைக்கு உதவக்கூடும். இரண்டாவது குழந்தைக்கு அதே ஊசி போட்டால் தசை தளரும், பலம் குறையும், குதிகால் மட்டும் தரைக்கு வராது.

அடுத்து முழங்காலை மடக்கிவைத்து அதே அளவை மறுபடி எடுக்க வேண்டும். கெண்டைக்காலின் மேல்தசையான காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலையும் கணுக்காலையும் கடந்து செல்கிறது. அதற்கு அடியிலுள்ள சோலியஸ் கணுக்காலை மட்டுமே கடக்கிறது. முழங்காலை மடக்கியதும் மேல்தசை தளர்ந்துவிடும். அப்போது பாதம் நன்றாக மேலே வந்தால் குறை மேல்தசையில் மட்டும். அப்போதும் வராவிட்டால் சோலியஸும் குறுகியிருக்கிறது. ஸ்வீடனின் எலும்பியல் மருத்துவர் நில்ஸ் சில்ஃபர்ஷோல்ட் பெயரால் அழைக்கப்படும் இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காமல் குதிகால் தசைநாணை வெட்டிய அறுவைகளின் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

விறைப்பை அளக்க அதிகமாகப் பயன்படுவது திருத்தப்பட்ட அஷ்வொர்த் அளவுகோல். 1964-இல் அஷ்வொர்த் உருவாக்கியது, 1987-இல் போஹானனும் ஸ்மித்தும் திருத்தியது. மூட்டை ஒரே வேகத்தில் அசைத்து, எதிர்ப்புக்கு ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள். எளிது, வேகமானது. ஆனால் அந்த எதிர்ப்பு அனிச்சையிலிருந்து வந்ததா, கட்டிப்போன தசையிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. "அஷ்வொர்த் 3" என்று மட்டும் எழுதப்பட்ட பரிசோதனைக் குறிப்பை அரைக் குறிப்பு என்றுதான் சொல்வேன்.

கணுக்காலோடு நிறுத்திவிடவும் முடியாது. இடுப்பைச் செங்கோணத்தில் மடக்கி முழங்காலை நீட்டிப் பார்த்தால் பின்தொடைத் தசையின் நீளம் தெரியும். ஒரு தொடையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து மற்றக் கால் படுக்கையில் தட்டையாகப் படிகிறதா என்று பார்த்தால் இடுப்பை மடக்கும் தசையின் நிலை தெரியும். குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கும்போது பிட்டம் மேலெழுந்தால் முன்தொடைத் தசையில் கோளாறு. அதே குப்புற நிலையில்தான் தொடையெலும்பின் முறுக்கமும் அளக்கப்படும். பிறக்கும்போது எல்லோருக்கும் தொடையெலும்பு சுமார் 40 டிகிரி முறுக்கத்தோடுதான் இருக்கிறது. நடந்து ஓடி வளரும்போது அது அவிழ்ந்து, பெரியவர்களுக்கு 15 டிகிரி அளவில் வந்து நிற்கிறது. தாமதமாக நடக்கும் குழந்தைக்கு அந்த அவிழ்தல் சரியாக நடப்பதில்லை. முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நடக்கும் குழந்தையின் பிரச்சினையை உட்தொடைத் தசையின் தலையில் கட்டிவிட்டு, எலும்பைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

பலத்தையும் சோதிக்க வேண்டும். "முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் மேலே தூக்கு" என்று சொன்னால் குழந்தையால் முடிகிறதா? இடுப்பையும் முழங்காலையும் சேர்த்து மடக்கினால்தான் பாதம் வருகிறதா? இந்தத் தனிப்பட்ட கட்டுப்பாடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது சிகிச்சைக்குப் பிறகு குழந்தை எப்படி நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் நல்ல அடையாளங்களில் ஒன்று.

டிஸ்டோனியா என்னும் வேறொரு வகை இறுக்கமும் உண்டு. உணர்ச்சிவசப்படும்போதோ, எதையாவது செய்ய முயலும்போதோ கூடும், தூங்கும்போது மறைந்துவிடும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. இத்தகைய குழந்தைக்குத் தசைநாணை நீட்டினால் கால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. மிக அரிதாக, காலையில் நன்றாக நடந்து மாலையில் தள்ளாடும் குழந்தைக்கு இருப்பது மூளை முடக்குவாதமே அல்ல, லெவோடோபா மருந்துக்கு இணங்கும் ஒரு மரபுக் கோளாறு என்று தெரியவரும். சிறு அளவு மாத்திரையிலேயே அந்தக் குழந்தை வியக்கத்தக்க அளவுக்குத் தேறிவிடும். பிரசவத்திலோ ஸ்கேனிலோ எந்தக் காரணமும் தென்படாமல், கற்ற திறனைக் குழந்தை இழந்துகொண்டே வந்தால், நோயின் பெயரையே ஒருமுறை சந்தேகிக்க வேண்டும்.

நடக்கும்போது தெரிவது

படுக்கையில் எடுத்த அளவு தசையின் நீளத்தைச் சொல்லும். நடையில் அந்தத் தசை என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. குழந்தை நடப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் பார்க்க வேண்டும். கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பதே பாதி வேலையை முடித்துவிடும். இரு கால்களும் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நடையை ஜில் ரோடாவும் கெர் கிரஹாமும் 2001-இல் பக்கவாட்டுத் தோற்றத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். அதில் ஒரு வகை மிக முக்கியமானது. குழந்தை நுனிக்காலில் நடப்பதுபோலத் தெரியும். ஆனால் கணுக்காலை மட்டும் கவனித்தால் அது செங்கோணத்தில் சரியாகவே இருக்கும். முழங்காலும் இடுப்பும் மடங்கியிருப்பதால் குதிகால் தரையை விட்டு உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் போலி நுனிக்கால் நடையைப் பார்த்துக் கெண்டைக்காலில் ஊசி போட்டாலோ, நாணை வெட்டினாலோ, குழந்தையின் முழங்கால் இன்னும் மடங்கும்.

பெரிய மையங்களில் நடை ஆய்வகம் இருக்கிறது. காலெங்கும் சிறு பந்துகளை ஒட்டி, கேமராக்கள் சூழ நடக்கவைத்து, ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் தரை தரும் விசையையும் தசைகளின் மின்செயல்பாட்டையும் ஒன்றாகப் பதிவுசெய்கிறார்கள். இந்தப் பதிவுகளைக் கணினி மாதிரிகளோடு இணைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று: முழங்கால் மடங்கி நடக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பின்தொடைத் தசை நடையின்போது குறுகியிருப்பதே இல்லை. இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்திருப்பதால் அது ஏற்கெனவே நீண்டுதான் இருக்கிறது. முழங்கால் மடங்குகிறது, ஆகவே பின்தொடைத் தசையை நீட்டு என்ற பழைய கணக்கு அவர்களிடம் பொய்த்துப்போகிறது. நீட்டினால் இடுப்பு இன்னும் முன்னால் சரிந்து முதுகு குழிந்துவிடும்.

நடக்காத குழந்தையின் இடுப்பு

நடக்கும் குழந்தையின் பாதத்தில் எல்லோரும் கண்ணாக இருக்கும்போது, நடக்காத குழந்தையின் இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருக்கலாம். உட்தொடைத் தசையும் இடுப்பை மடக்கும் தசையும் தொடையெலும்பின் தலையை வெளிப்பக்கம் தள்ளுகின்றன. முதலில் வலி இருக்காது, வெளியே எதுவும் தெரியாது. எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும்: தொடையெலும்பின் தலையில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று அளக்கிறார்கள். 30-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் 35 சதவீதக் குழந்தைகளுக்கு இடுப்பு நழுவியிருந்தது. முதல் நிலைக் குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதம்.

தெற்கு ஸ்வீடனில் 1994-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பகுதியிலுள்ள மூளை முடக்குவாதக் குழந்தைகள் எல்லோரையும் பதிவேட்டில் சேர்த்து, மூட்டுகளின் அசைவை ஒழுங்காக அளந்து, நிலைக்கேற்ப இடுப்பை எக்ஸ்ரே எடுத்துவந்தார்கள். அதற்கு முன்பு நூற்றுக்கு எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இடுப்பு முழுவதுமாக விலகிக்கொண்டிருந்தது. திட்டம் வந்த பிறகு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. புது மருந்து எதுவும் இல்லை. அளந்தார்கள், எழுதிவைத்தார்கள், நழுவத் தொடங்கியதுமே தலையிட்டார்கள். இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான வெற்றி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போட்டுலினம் ஊசியும் இடுப்புப் பட்டையும் மட்டுமே போதுமா என்று 2008-இல் ஒரு சோதனை வெளியானது. அவை நழுவலைக் கொஞ்சம் தாமதப்படுத்தின, நிறுத்தவில்லை.

சிகிச்சை: எது எதற்கு

தினமும் காலைப் பிடித்து நீட்டிவிடுவதில் தொடங்கலாம், வீடுகளில் அதிக நேரத்தை விழுங்குவது அதுதான். கையால் சில நிமிடம் நீட்டிவிடுவதால் தசை நிலையாக நீள்கிறது என்பதற்குச் சான்று இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு 2017-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, மூட்டுக் குறுக்கத்தில் நீட்டுதலால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே முடித்தது. குழந்தைக்கு இதமாக இருந்தால் செய்யட்டும். "நீங்கள் ஒழுங்காக நீட்டிவிடாததால்தான் கால் மடங்கிவிட்டது" என்று தாயிடம் சொல்வதற்கு மட்டும் எவருக்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. எண்ணெய் தேய்ப்பதற்கும் இதே கணக்குதான்.

மாவுக்கட்டு வேறு வகை. பாதத்தை இயன்ற அளவு மேலே கொண்டுவந்து கட்டுப் போட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் அவிழ்த்து, கிடைத்த சில டிகிரியோடு மறுபடி கட்டுவார்கள். இரவும் பகலும் வாரக்கணக்கில் கிடைக்கும் இழுப்பு என்பதால் லேசான குறுக்கத்துக்கு இது நன்றாகவே பலன் தருகிறது. பிறகு அந்த அளவைக் காப்பாற்ற ஏ.எஃப்.ஓ. எனப்படும் பிளாஸ்டிக் தாங்கி. அதிலும் ஆள் பார்த்துத் தேர்வு இருக்கிறது: கணுக்காலில் கீல் வைத்தது நுனிக்கால் நடைக்குச் சரி, முழங்கால் மடங்கும் பிள்ளைக்கு அது முழங்காலுக்குக் கீழுள்ள முன்கால் எலும்பை இன்னும் முன்னால் சாயவிட்டுவிடும். அவருக்கு வேண்டியது முன்பக்கம் தாங்கும் கெட்டியான வகை.

அடுத்தது பலம் கூட்டும் பயிற்சி. விறைத்த தசைக்குப் பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. அது தவறு என்று 1990-களிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன: எடை தூக்கும் பயிற்சியால் பலம் கூடுகிறது, விறைப்பு கூடுவதில்லை. நடையில் வரும் முன்னேற்றம் நாம் ஆசைப்படும் அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் இன்றைய இயன்முறைச் சிகிச்சை, படிக்கட்டு ஏறுவது, நாற்காலியிலிருந்து எழுவது, சைக்கிள் மிதிப்பது என்று குழந்தை உண்மையில் செய்ய விரும்பும் வேலையையே பயிற்சியாக்குகிறது.

போட்டுலினம் ஊசியை மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்திய தொடக்க அறிக்கை 1993-இல் வந்தது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை அது தடுக்கிறது. சில நாள்களில் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும். அனிச்சை மிகுந்த, நீளம் போதுமான தசைக்கு, சிறு வயதில், மாவுக்கட்டோடும் பயிற்சியோடும் சேர்த்துக் கொடுத்தால் பயன் உண்டு. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியைச் சரியான தசைக்குள் செலுத்துவது அவசியம். மருந்து வேறு இடங்களுக்குப் பரவி விழுங்குவதற்கும் மூச்சுக்கும் இடைஞ்சல் செய்யக்கூடும் என்பதால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அளவில் கூடுதல் கவனம் தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போடும் பழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. ஊசி போட்ட தசை சிறுத்துப்போவதையும் முழுவதுமாக மீளத் தாமதமாவதையும் இப்போது பலர் சுட்டிக்காட்டுகிறார்கள்.

விறைப்பை அடியோடு குறைக்கும் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. தண்டுவடத்துக்குச் செல்லும் உணர்வு நரம்பு வேர்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் துண்டிப்பார்கள். கேப்டவுனில் வாரிக் பீகாக் 1980-களில் செம்மைப்படுத்திய முறை இது. குறைமாதத்தில் பிறந்து, இரு கால்களிலும் விறைப்பு மட்டுமே முதன்மையாக இருக்கும், ஓரளவு பலமும் கட்டுப்பாடும் உள்ள நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளே இதற்குப் பொருத்தமானவர்கள். ஸ்வீடனில் இத்தகைய குழந்தைகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு யோசிக்கவைக்கிறது. விறைப்பு குறைந்தது, குறைந்தபடியே இருந்தது. ஆனாலும் தசைகளும் மூட்டுகளும் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே போயின. விறைப்பு போனால் குறுக்கம் வராது என்று நெடுங்காலமாக நம்பிவந்தார்கள்; இரண்டுக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரடியானது அல்ல.

கத்தி வைக்கும் முன்

இந்தத் துறையே தசைநாணை வெட்டுவதிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் சிறு வயதில் வளைந்துபோன தன் பாதத்தை, 1836-இல் ஜெர்மனியின் ஹானோவரில் அறுவை மருத்துவர் ஸ்ட்ரோமையரிடம் குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்துகொண்டவர். 1861-இல் மூளை முடக்குவாதத்தை விரிவாக விவரித்தவரும் அவரே. நாணை வெட்டினால் குதிகால் அன்றே தரையில் பதியும். அந்த உடனடிப் பலன்தான் ஆபத்தும்கூட.

ஆறு வயதுக்குள் இரு குதிகால் நாண்களையும் நீட்டிய குழந்தை முதல் ஓரிரு ஆண்டுகள் அழகாக நடக்கும். சோலியஸ் தசையின் முக்கிய வேலை, பாதம் ஊன்றியிருக்கும்போது முன்கால் எலும்பு முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது. அதுவும் சேர்ந்து நீண்டுவிட்டதால், எடை கூடும் பருவத்தில் முழங்கால் மடங்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் குழந்தை நாற்காலியில் உட்காரப்போவதுபோல மடங்கி நடக்கிறது. நுனிக்கால் நடையைத் திருத்தலாம். தளர்ந்துபோன கெண்டைக்காலை மீட்க நல்ல வழி இன்றுவரை இல்லை. அதனால்தான் மேல்தசையின் உறையை மட்டும் தளர்த்தும் முறையை இப்போது விரும்புகிறார்கள், அதுவும் முடிந்தவரை தள்ளிப்போட்டு.

கனடாவின் எலும்பியல் மருத்துவர் மெர்சர் ராங் ஒரு காலத்து நடைமுறையைப் "பிறந்தநாள் நோய்" என்று கேலிசெய்தார்: இந்த ஆண்டு குதிகால், அடுத்த ஆண்டு பின்தொடை, அதற்கடுத்த ஆண்டு இடுப்பு என்று குழந்தையின் ஒவ்வொரு பிறந்தநாளும் மருத்துவமனையில் கழியும். இன்று, பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், நடை ஆய்வை வைத்துத் திட்டமிட்டு, தேவையான தசைகளையும் முறுக்கிய எலும்புகளையும் ஒரே அமர்வில் சரிசெய்கிறார்கள். மயக்கம் கொடுத்ததும் அறுவை மேசையிலேயே கடைசியாக ஒருமுறை மூட்டுகளை அசைத்துப் பார்ப்பார்கள். அனிச்சை உறங்கிவிட்ட அந்த நிலையிலும் எஞ்சும் இறுக்கம் மட்டுமே உண்மையான குறுக்கம். நேற்றுவரை வெட்ட வேண்டும் என்று பட்டியலில் இருந்த தசை சில நேரம் இங்கே தப்பித்துக்கொள்கிறது.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த முதல் சில மாதங்களில் குழந்தை முன்பைவிட மோசமாகவே இருக்கும். இருந்த கொஞ்சப் பலமும் படுக்கையில் போயிருக்கும்; முன்பு வாக்கரில் நடந்தவர் சக்கர நாற்காலியில் இருப்பார். பழைய நிலைக்கு வரவே ஆறு மாதம் ஆகலாம், அதற்கு மேல் முன்னேற்றம் தெரிய ஓராண்டு, பலருக்கு இரண்டு ஆண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய தகவல் இது. அந்த ஓராண்டுக்கான இயன்முறைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய முடியாத நிலையில், அறுவையைத் தள்ளிவைப்பதே நல்லது. ஐந்தாம் நிலைக் குழந்தைக்குச் செய்யும் அறுவையின் இலக்கே வேறு: வலியில்லாமல் தூங்குவது, நாற்காலியில் நேராக உட்காருவது, இடுப்பைச் சுத்தம் செய்யும்போது கால்கள் விரிவது. அதை நடையின் அளவுகோலால் மதிப்பிடக் கூடாது.

வளர்ச்சி நின்றபிறகு குறுக்கம் கூடும் வேகம் தணிகிறது. ஆனால் கூடிய உடல் எடையை, கூடாத தசைப் பலம் சுமக்க வேண்டியிருக்கிறது. நடந்துகொண்டிருந்தவர்களில் கணிசமானோர் முப்பது, நாற்பது வயதுகளில் களைப்பாலும் மூட்டு வலியாலும் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் மருத்துவரின் பதிவேட்டிலிருந்து பதினெட்டு வயதில் பெயர் நீக்கப்படும்போது, அதே அளவுகளைத் தொடர்ந்து எடுக்கப்போகும் மருத்துவர் யார் என்பது பெரும்பாலான இடங்களில் முடிவாகியிருப்பதில்லை. அதுவரை எடுத்த ஆர்1, ஆர்2 அளவுகளும் இடுப்பு எக்ஸ்ரேக்களும் அறுவைக் குறிப்புகளும் குடும்பத்தின் கையில் ஒரு பிரதியாவது இருந்தால், அடுத்துப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.